ஐந்தும் ஆறும் காணாமல் போன நாள்

என் தம்பி பெண்டாட்டியை எங்கள் ஸ்கேன் சென்டரில் திருப்புளி என்றுதான் கூப்பிடுவார்கள். முதலில் முதுகுக்குப் பின்னால் கூப்பிட்டார்கள், அப்புறம் முகத்துக்கு நேராகவே. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொள்ள முகாந்திரமும் இல்லை. அவள் கைப்பையைத் திறந்தால் சீப்பு இருக்காது, முகம் பார்க்கும் கண்ணாடி இருக்காது. திருகு கழற்றும் திருப்புளி மூன்று அளவில் இருக்கும், ஒரு சுருள் காகித டேப் இருக்கும், முனை மழுங்கிய பேனா ஒன்று இருக்கும்.

எங்கள் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாளே அம்மாவின் மிக்ஸியைக் கழற்றிப் போட்டவள் அவள். இரண்டு வருடமாக அலறிக்கொண்டிருந்த மிக்ஸி அது. அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நின்றாள். இவளோ தரையில் வெள்ளைத் தாளை விரித்து, கழற்றிய ஒவ்வொரு திருகுக்கும் கீழே அது எந்த ஓட்டையிலிருந்து வந்தது என்று எழுதி வரிசையாக அடுக்கினாள். ஒரு மணி நேரத்தில் மிக்ஸி வாயை மூடிக்கொண்டு அரைத்தது. அன்றைக்கே அவளைப் பற்றி எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. "வந்ததும் வராததுமா உனக்கு எதுக்கு இந்த வேல?" என்று எரிந்து விழுந்தேன்.

பதினோரு வருடமாக அந்த சென்டரின் வரவேற்பு மேசை என்னுடையது. கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது இவளைக் கொண்டுபோய் நிறுத்தியது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொந்தக்காரியை உள்ளே நுழைத்துவிட்டாள் என்று நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். அதனால் அவள் எங்காவது வாயைத் திறந்து மறுத்துப் பேசினால் நான்தான் ஓடிப்போய்த் தடுப்பேன். அவளோ மறுத்துப் பேசுவதற்கென்றே பிறந்தவள்.

எக்ஸ்ரே அறைக்குப் பின்னால், ஜன்னல் இல்லாத சின்ன அறையில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி இருக்கிறது. எங்களிடம் ஸ்கேன் எடுத்த அத்தனை பேருடைய தலையும் முதுகும் முழங்காலும் அதற்குள்தான். பெட்டிக்குள் இரண்டு பெரிய டிஸ்க். ஒன்றில் இருப்பது அப்படியே மற்றதிலும் இருக்கும். ஒன்று போனாலும் இன்னொன்று காப்பாற்றும் என்ற ஏற்பாடு. டிஸ்க்கின் வயர்களைச் செருக, உள்ளே மதர்போர்டு என்ற பலகையில் ஆறு போர்ட் உண்டு. அந்த இரண்டையும் அவள் ஐந்திலும் ஆறிலும் செருகி வைத்திருந்தாள்.

"மூலையில இருந்தா யார் கையும் படாதுக்கா" என்பாள்.

பெட்டியை இயக்கும் மென்பொருள் மட்டும் வேறொரு சின்ன டிஸ்க்கில், முதல் போர்ட்டில். அதற்கு வயதாகிவிட்டது. ஒரு படத்தைத் திறந்தால் கோடு கோடாக, சோம்பல் முறித்துக்கொண்டு வரும். டாக்டருக்குப் பொறுக்கவில்லை. டிஸ்க் கடைக்காரர் அவர் காதில் புது வகையைப் பற்றி ஓதியிருந்தார். வயரே கிடையாது, சூயிங்கம் துண்டு அளவுதான், நேராக மதர்போர்டிலேயே ஒரு ஸ்லாட்டில் செருகிவிடலாம், பழைய வகையைவிடப் பல மடங்கு வேகம். கண்ணை மூடித் திறப்பதற்குள் படம் நிற்கும் என்று சத்தியம் செய்யாத குறை.

திருப்புளி ஒற்றைக்காலில் நின்றாள்.

"புதுசு நல்லதுதான் டாக்டர். நான் இல்லைங்கல. ஆனா இந்தப் பெட்டி பழசு. வயர் போட்டுச் செருகற வகையிலயே இப்ப வேகமான டிஸ்க் கிடைக்குது. இப்ப இருக்கறதுக்கு அதுவே அஞ்சு மடங்கு. அந்தப் போர்ட்டோட குணம் எனக்குத் தெரியும். புதுசு உள்ள வந்தா வேற எது எடம் மாறும்னு தெரியாது."

"உலகமே புதுசுக்குப் போயாச்சு. நாம மட்டும் பழைய வயரையே கட்டிக்கிட்டு அழணுமா?" என்றார் டாக்டர்.

"அப்ப அதுக்கு முன்னாடி மூணாவதா ஒரு பிரதி எடுத்து வச்சுக்கலாம். வெளிய வைக்கற டிஸ்க் ஒண்ணு கேட்டிருந்தேனே…"

"முதல்ல இது. அப்புறம் அது."

அவள் மறுபடி வாயைத் திறந்தாள். நான் அவளைக் கையைப் பிடித்து வராண்டாவுக்கு இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

"உன் பிடிவாதத்த வீட்டுலயே கழட்டி வச்சுட்டு வா. அவரு பெட்டி, அவரு இஷ்டம். நாளைக்கு எல்லாரும் என்னத்தான் பேசுவாங்க. சரின்னு சொல்லு."

என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். "சரிக்கா" என்றாள். உள்ளே போய் டாக்டரிடமும் அதையே சொன்னாள். அன்று எனக்குப் பெரிய நிம்மதி.

இரண்டு நாள் கழித்து, சென்டர் ஒன்பது மணிக்குத் திறக்கும் என்பதால் அவள் காலை ஆறுக்கே போய்விட்டாள். நான் எட்டரைக்குப் போனேன். ஒன்பதேகாலுக்கு ஐந்து மாதக் கர்ப்பிணி ஒருத்தி, மாமியாரோடு என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். கையில் பெரிய ஆஸ்பத்திரியின் கடிதம்.

கதை சுருக்கமானது. பதினான்கு மாதத்துக்கு முன்னால் எங்களிடம்தான் அவளுக்கு மருந்து ஏற்றித் தலை ஸ்கேன் எடுத்தோம். காதுக்குப் பின்னால், மூளையை ஒட்டி ஒரு சின்னக் கட்டி. ஒரு வருடம் கழித்துப் பார்க்கலாம் என்றிருந்தார்கள். அதற்குள் கர்ப்பம். இப்போது தலைவலி. மருந்து ஏற்றி எடுக்கிற ஸ்கேன் வயிற்றில் பிள்ளை இருக்கும்போது கூடாது என்று, மருந்து இல்லாமல் ஆஸ்பத்திரியில் ஒன்று எடுத்திருந்தார்கள். அதையும் எங்கள் பழைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் கட்டி எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது என்று தெரியும். நாங்கள் கொடுத்த சிடி வீடு மாற்றும்போது உடைந்துபோயிற்று. மூன்று மணிக்கு டாக்டர்கள் கூடிப் பேசுகிறார்கள். படம் அதற்குள் போய்ச் சேர வேண்டும்.

"பழைய படம் இல்லன்னா?" என்று கேட்டுவைத்தேன்.

"பிரசவம் ஆகறவரைக்கும் பொறுத்துப் பாக்கறதத் தவிர வழி இல்லன்னு சொன்னாங்க" என்றாள் மாமியார். "பொறுக்கலாமா கூடாதான்னு அந்தப் படம்தான் சொல்லணுமாம்."

அவளுடைய எண்ணைத் தட்டினேன். கோப்பு இல்லை என்றது திரை. தப்பாகத் தட்டிவிட்டேனோ என்று மறுபடி தட்டினேன். இல்லை. எனக்குத் தெரிந்த வேறொருவர் எண்ணைத் தட்டினேன். அதுவும் இல்லை.

"உக்காருங்கம்மா, சிஸ்டம் கொஞ்சம் மெதுவா இருக்கு. பத்து நிமிஷம்" என்று சொல்லிவிட்டுப் பின் அறைக்கு ஓடினேன்.

திருப்புளி தரையில் உட்கார்ந்திருந்தாள். பெட்டியின் பக்கவாட்டுத் தகடு சுவரில் சாய்ந்திருந்தது. அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"என்ன ஆச்சு?"

"காணோம்க்கா."

"எதக் காணோம்?"

"அஞ்சும் ஆறும். ரெண்டும்."

அவளுக்கு ஒரு வழக்கம். பெட்டிக்குள் புதிதாக எதையாவது போடுவதற்கு முன்னால், பழைய டிஸ்க்குகளின் வயர்களை உருவிவிடுவாள். புதிதில் மென்பொருள் ஏற்றும்போது கை தவறிப் பழையதன் மேல் ஏற்றிவிடக் கூடாது என்பதற்காக. அன்றும் அப்படித்தான் உருவியிருக்கிறாள். புதியதைச் செருகி, மென்பொருள் ஏற்றி, எல்லாம் பறந்தது. பிறகு ஐந்தையும் ஆறையும் திரும்பச் செருகினால் பெட்டி அவற்றைப் பார்க்கவே இல்லை. அப்படி இரண்டு டிஸ்க் உலகத்தில் இருந்ததே இல்லை என்பதுபோல உட்கார்ந்திருந்தது.

"உருவறப்போ உள்ள இருக்கற பிளாஸ்டிக் நாக்கு உடைஞ்சிருக்குமோன்னு டார்ச் அடிச்சுப் பாத்தேன். உடையல. வயர மாத்திப் பாத்தேன். வரல. ஒண்ணுன்னா பரவால்ல, ரெண்டும் எப்படிக்கா ஒரே சமயத்துல?"

அந்த 'எப்படிக்கா' என்னைப் பார்த்துக் கேட்டதல்ல. ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. நான் கர்ப்பிணிப் பெண்ணைப் பற்றிச் சொன்னேன். மூன்று மணியைப் பற்றிச் சொன்னேன். அவள் கண்ணை மூடித் திறந்தாள். கொஞ்சம் தண்ணீர் குடித்தாள். மறுபடி டார்ச்சை எடுத்தாள்.

அதற்குப் பிறகு நான் சொன்ன பொய்களுக்குக் கணக்கே இல்லை. பத்து நிமிடம் என்றேன். பெரிய கோப்பு, நேரமாகும் என்றேன். ஆஸ்பத்திரியிலிருந்து சர்ஜனின் உதவியாளர் போன் செய்தபோது அனுப்பிக்கொண்டே இருக்கிறோம் என்றேன். அந்தப் பெண் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமியார்தான் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தரம் எழுந்து வந்தாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

பதினொன்றரை மணிக்கு டாக்டருக்குத் தெரிந்துபோயிற்று. பன்னிரண்டுக்கு டிஸ்க் கடைக்காரர் லேப்டாப்போடு வந்து சேர்ந்தார். நல்ல மனிதர்தான், வாய்தான் கொஞ்சம் நீளம்.

"ரெண்டும் ஒரே நாள்ல வாங்கினதா? அப்ப ஒரே நாள்ல போறதும் உண்டு" என்றார், துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி.

திருப்புளி தடுப்பதற்குள் ஐந்தாவது போர்ட்டின் டிஸ்க்கைக் கழற்றி, தன் அடாப்டரில் மாட்டி, லேப்டாப்பில் செருகினார். டிஸ்க் மெல்ல முனகிச் சுற்ற ஆரம்பித்தது. திரையில் ஒரு சின்னக் கட்டம் வந்தது. இந்த டிஸ்க்கைப் பயன்படுத்தும் முன் ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யலாமா என்று கேட்டது.

"பாத்தீங்களா, காலி" என்றார் அவர். "ஃபார்மேட் பண்ணிட்டா டிஸ்க் திறந்துடும் டாக்டர். அப்புறம் அழிஞ்சத மீட்கற சாஃப்ட்வேர் போட்டு உள்ள இருந்தத எடுத்துடலாம்."

"எடுத்துடலாமா?"

"எடுத்துடலாம்."

"அப்ப பண்ணுங்க. வெளிய ஆள் காத்துக்கிட்டிருக்காங்க."

அவர் விரல் மவுஸுக்குப் போயிற்று. திருப்புளி முந்திக்கொண்டாள். எட்டி அடாப்டர் வயரை உருவிவிட்டாள். திரையில் இருந்த கட்டம் மறைந்தது.

"என்ன செய்யறீங்க நீங்க?" டாக்டரின் குரல் உயர்ந்ததை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன்.

"டாக்டர், நம்ம பெட்டி எழுதற முறை வேற, இவரு லேப்டாப் படிக்கற முறை வேற. அதுக்குப் படிக்கத் தெரியாததையெல்லாம் காலின்னுதான் சொல்லும். ஃபார்மேட் பண்ணா நிஜமாவே காலி ஆயிடும்."

"காலையிலேர்ந்து நீங்களும்தான் பாக்கறீங்க. என்ன கண்டுபிடிச்சீங்க?"

டாக்டர் வாசலில் நின்ற என் பக்கம் திரும்பினார். "நீங்களாவது சொல்லுங்க உங்க ஆளுக்கு."

வாயைத் திறந்தேன். வராண்டாவில் அவள் கையைப் பிடித்து இழுத்தது ஞாபகம் வந்தது. சரிக்கா என்று அவள் சொன்ன தொனியும் ஞாபகம் வந்தது. பதினோரு வருடத்தில் டாக்டரிடம் ஒரு தரம்கூட நான் மறுத்துப் பேசியதில்லை.

"அவ சொல்றதக் கேளுங்க டாக்டர்" என்றேன். "போன தடவ அவ வேணாம்னுதான் சொன்னா. நான்தான் சரின்னு சொல்ல வச்சேன்."

டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ரெண்டு மணிவரைக்கும் பாருங்க. அதுக்கு மேல இவரு இஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் போனார். கடைக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு, இரண்டு மணிக்காகக் காத்திருக்கத் தொடங்கினார்.

திருப்புளி கையில் இருந்த டிஸ்க்கையே பார்த்தாள். பிறகு கடைக்காரரிடம் கேட்டாள்.

"சார், அந்தக் கட்டம் வந்தப்ப டிஸ்கோட அளவு போட்டுச்சா?"

"போட்டுச்சே. நாலு டெராபைட்."

"செத்த டிஸ்க் தன் அளவச் சொல்லாது" என்றாள். அதை இரண்டு தரம் சொன்னாள், இரண்டாவது தரம் தனக்குத்தானே. "அது உசுரோட இருக்கு. அப்ப கோளாறு டிஸ்குல இல்ல. போர்ட்டுல."

பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைப் புரட்டினாள். அதன் உட்புறத்தில் ஒரு பிளாஸ்டிக் உறையை டேப் போட்டு ஒட்டி வைத்திருந்தாள். உறைக்குள் மதர்போர்டோடு வந்த சின்னப் புத்தகம். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரி விரலை வைத்து வரிவரியாகப் படித்தாள். மணி ஒன்று பத்து. விரல் ஓரிடத்தில் நின்றது. பக்கத்தின் அடியில், எறும்பு ஊர்ந்ததுபோல் ஒரு குறிப்பு. இரண்டாம் ஸ்லாட்டில் புது வகை டிஸ்க் இருந்தால் ஐந்தாம், ஆறாம் போர்ட்டுகள் வேலை செய்யாது.

அவள் தன் நெற்றியில் தானே அறைந்துகொண்டாள். சத்தம் கேட்டுக் கடைக்காரர் திடுக்கிட்டார்.

மதர்போர்டில் புது வகைக்கு இரண்டு ஸ்லாட் உண்டாம். முதலாவது, சூடாகிற கார்டு ஒன்றுக்கு நேர் கீழே. புதிது வெந்துபோகக் கூடாதே என்று இவள் இரண்டாவதில் போட்டிருக்கிறாள். இரண்டாம் ஸ்லாட்டுக்கும் ஐந்து, ஆறு போர்ட்டுகளுக்கும் உள்ளே ஒரே பாதை. புதிது வந்து உட்கார்ந்ததும் அந்த இரண்டுக்கும் கதவு சாத்திக்கொண்டது. வேறு யாராவது இருந்தால் டிஸ்க்குகளை ஒன்று, இரண்டில் அலட்சியமாகச் செருகியிருப்பார்கள். அலட்சியமாக இருந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

"கை படக்கூடாதுன்னு மூலையில வச்சேன். சூடு படக்கூடாதுன்னு ரெண்டாவதுல போட்டேன். ரெண்டு ஜாக்கிரதையும் சேந்து என்னக் கவுத்துடுச்சுக்கா."

"இத முன்னாடியே படிக்கலையா நீ?" அந்த நேரத்திலும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"படிச்சேன். நாலு வருஷம் முன்னாடி, இங்க சேந்த வாரத்துல. அப்ப அந்த ஸ்லாட் காலியா இருந்துச்சு. மனசுல நிக்கல."

கடைக்காரர் எழுந்து நின்றார். அவருக்கும் நிஜமாகவே சந்தோஷம். "அப்ப சுலபமாச்சே! மூணும் நாலும் காலியாத்தானே இருக்கு? வயர அங்க மாத்திச் செருகுங்க. புதுசும் இருக்கட்டும், பழசும் வரட்டும். ரெண்டு நிமிஷ வேல."

நியாயமான பேச்சு. எனக்கே அதுதான் சரி என்று பட்டது. மணி ஒன்று இருபது. திருப்புளி தலையை ஆட்டினாள்.

"வேணாம் சார். புதுசுல ஏத்தின மென்பொருளுக்கு இந்த ஜோடியத் தெரியாது. எது சரி, எதப் பாத்து எத எழுதணும்னு அதுவா முடிவு பண்ணும். ஒண்ணு உங்க லேப்டாப்புக்குப் போயிட்டு வந்திருக்கு. தப்பானதப் பாத்து நல்லதுமேல எழுதிடுச்சுன்னா முடிஞ்சுது கதை. இன்னைக்குப் புதுசு எதுவும் வேணாம். நேத்து எப்படி இருந்துச்சோ, அப்படி."

மின்சாரத்தை நிறுத்தினாள். சூயிங்கம் துண்டை உருவி, உறையில் போட்டு, மேலே டேப் ஒட்டி 'நாளைக்கு' என்று எழுதினாள். மேசை இழுப்பறையிலிருந்து பழைய சின்ன டிஸ்க்கை எடுத்து முதல் போர்ட்டில் செருகினாள். ஜோடியில், லேப்டாப்பின் காற்றே படாத ஆறாவதை மட்டும் அதே இடத்தில் செருகினாள். ஐந்தாவதைத் தள்ளி வைத்தாள். பொத்தானை அழுத்தினாள்.

அந்தப் பழைய டிஸ்க் எழுந்து வர ஏழு நிமிடம் ஆகும். எப்போதும் ஏழு நிமிடம்தான். அதைச் சொல்லித்தான் டாக்டர் புதிது கேட்டார்.

மூன்றாவது நிமிடத்தில் கதவருகே நிழல் ஆடியது. அந்தப் பெண். மாமியார் போன் பேசப் போயிருக்க, என்னைத் தேடி வந்திருக்கிறாள்.

"என் படம் போயிடுச்சா?"

"அது வந்து… சிஸ்டம்…" என்று மென்று விழுங்கினேன்.

"போகல" என்றாள் திருப்புளி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். அப்புறம் எடுத்து, அவளை நேராகப் பார்த்தாள். "காலையில நான் ஒரு வேல செஞ்சேன். அதுல உங்க படம் இருக்கற எடம் மூடிக்கிச்சு. என்னோட தப்பு. இப்பத் திறந்துக்கிட்டிருக்கேன்."

நான் பயந்தேன். கத்துவாள், அழுவாள், மாமியாரைக் கூப்பிடுவாள் என்று நினைத்தேன். அவள் ஒரு ஸ்டூலைப் பார்த்தாள்.

"இங்க உக்காரலாமா? வெளிய உக்கார முடியல."

நான்கு பேரும் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மின்விசிறியின் இரைச்சல். எழுத்துகள் ஓடின, நின்றன, மறுபடி ஓடின. ஓரிடத்தில் வெகு நேரம் நின்றது. அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டிருப்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஜோடியில் ஒன்று குறைகிறது, ஒன்றை வைத்தே தொடங்கவா என்று பெட்டி கேட்டது. ஆமாம் என்று திருப்புளி தட்டினாள்.

பட்டியல் வந்தது. பெயர்கள், எண்கள், தேதிகள், எல்லாம். அந்தப் பெண்ணின் எண்ணைத் தட்டினாள். படம் திறந்தது, வழக்கம்போலக் கோடு கோடாக, சோம்பல் முறித்துக்கொண்டு. மெதுவாக வருகிறது என்று அன்றைக்கு ஒருவரும் குறை சொல்லவில்லை. கடைக்காரர்கூடக் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஒன்று ஐம்பதுக்குப் படம் ஆஸ்பத்திரிக்குப் போயிற்று. சிடி ஒன்றும் எழுதி மாமியார் கையில் கொடுத்தோம். டாக்டர் வந்து பார்த்தார். கடைக்காரர் ஏதோ தன் பங்குக்குச் சொல்ல ஆரம்பித்தார். பழியை அவர் தலையில் கட்ட நல்ல சந்தர்ப்பம், நானும் கண்ணைக் காட்டினேன். திருப்புளி அதைக் கவனிக்கவே இல்லை. "ஸ்லாட்டத் தேர்ந்தெடுத்தது நான்தான் டாக்டர். குறிப்பு புத்தகத்துல இருந்துச்சு. நான் பாக்கல" என்றாள். பூசி மெழுகத் தெரியாத ஜென்மம். டாக்டர் அவளையும் அந்தப் புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி. இனிமே உள்ள எது போகணும்னு நீங்களே சொல்லுங்க" என்றார்.

ஐந்து மணிக்கு சர்ஜனின் உதவியாளருக்கு நானே போன் செய்தேன். நல்ல செய்தியாக இருக்கும் என்று நம்பினேன். அவ்வளவு பாடுபட்டு எடுத்த படம் நல்ல செய்திதானே சொல்லும் என்று அடிமுட்டாள்போல நம்பினேன்.

கட்டி வளர்ந்திருந்தது. மூளையின் தண்டுப் பக்கமாக நகர்ந்திருந்தது. பொறுக்க முடியாது. வியாழக்கிழமை ஆபரேஷன்.

பின் அறைக்குப் போய்ச் சொன்னேன். திருப்புளி ஐந்தாவது டிஸ்க்கைத் திரும்பச் செருகி, ஆறாவதிலிருந்து அதற்குப் பிரதி போய்க்கொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னதும் டீ கிளாஸைக் கீழே வைத்தாள்.

"நான் எடுத்துக் கொடுத்தது இதுதானாக்கா?"

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. "எடுத்துக் கொடுக்கலன்னா பிரசவம்வரைக்கும் பொறுத்திருப்பாங்க" என்று அவளிடமே கத்தினேன். "பொறுத்திருந்தா என்ன ஆகியிருக்கும்? யோசிச்சுப் பாரு!" கத்திவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவள்தான் டேப்பைத் தேடுவது மாதிரிக் கைப்பையைத் துழாவி, எனக்கு ஒரு கைக்குட்டை எடுத்துக் கொடுத்தாள்.

அடுத்த வாரம் வெளியே வைக்கிற டிஸ்க் வந்து சேர்ந்தது. மூன்றாம் பிரதி எடுத்த பிறகுதான் அவள் புதிதைத் தொட்டாள். சூடாகிற கார்டை ஒரு இடம் தள்ளி மாட்டி, சூயிங்கம் துண்டை முதல் ஸ்லாட்டில் செருகினாள். படம் இப்போது கண்ணை மூடித் திறப்பதற்குள் நிற்கிறது. கடைக்காரர் சொன்னது அந்த மட்டில் பொய்யில்லை. ஐந்தும் ஆறும் அதே மூலையில்தான் இருக்கின்றன. இரண்டாம் ஸ்லாட்டின் மேல் குறுக்கே டேப் ஒட்டி, 'இங்கே எதையும் போடாதே' என்று எழுதி வைத்திருக்கிறாள்.

இரண்டரை மாதம் கழித்து ஒரு காலையில் அந்தப் பெண் வந்தாள். தலையில் துணி கட்டியிருந்தாள். வயிறு நன்றாக மேடிட்டிருந்தது. முகத்தின் ஒரு பக்கம் சிரிக்கும்போது கொஞ்சம் பின்தங்கியது. அதுவும் சரியாகிவிடும் என்று சொல்லியிருக்கிறார்களாம். குழந்தை பிறந்த பிறகு மருந்து ஏற்றி ஒரு ஸ்கேன் எடுக்க வேண்டும், அதைப் பழைய படத்தோடு ஒப்பிட வேண்டும்.

"அது பத்திரமா இருக்கில்ல?"

"இருக்கு" என்றேன். அன்றைக்குச் சொன்ன பொய்களின் நினைவு வந்து என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை. திருப்புளியைக் கூப்பிட்டேன். அவள் என்னைவிடக் கம்மியாகப் பேசுகிறவள். அந்தப் பெண்ணைப் பின் அறைக்கு அழைத்துப்போய், பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினாள்.

"இதுல இருக்கீங்க" என்று ஐந்தாவதன் வயர் போய்ச் சேர்கிற டிஸ்க்கைத் தொட்டாள். "இதுலயும் இருக்கீங்க." இழுப்பறையைத் திறந்து வெளி டிஸ்க்கைக் காட்டினாள். "வாராவாரம் இதுலயும்."

அந்தப் பெண் குனிய முடியாமல் குனிந்து, டிஸ்க்கின் பக்கத்தில் விரல் நுனியை வைத்தாள். "சூடா இருக்கு. சுத்துதா?"

"சுத்திக்கிட்டேதான் இருக்கு."

கொஞ்ச நேரம் விரலை எடுக்கவில்லை. பிறகு நிமிர்ந்து, வயிற்றைத் தட்டிக்காட்டி, அந்தப் பாதிச் சிரிப்போடு கேட்டாள்.

"இன்னும் ஒரு ஆளுக்கு எடம் இருக்கா இதுல?"

"நெறைய இருக்கு" என்றாள் திருப்புளி. "ஆனா வரவேணாம்."